நான் அடைத்த இடைவெளி

ஓர்லிகோன் பகுதியில் ஒரு வீட்டுப் பல்கனித் தரைக்கு, தண்ணீர் கசியாமலிருக்க ரெசின் என்ற பிசின் பூசினோம். குளிரில் ரெசின் இறுகாது. அதனால் நானும் என்னோடு வேலை செய்த செல்வம் அண்ணையும் பிளாஸ்டிக் விரிப்பால் கூடாரம் கட்டி, உள்ளே காஸ் ஹீட்டர் வைத்தோம்.

அடியில் ஒரு சாண் இடைவெளி விடும்படி முதலாளி சொல்லியிருந்தார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கேட்டால் சிரிப்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அண்ணை உள்ளே பூசிக்கொண்டிருந்தபோது, சூடு வீணாகிறதே என்று வெளியிலிருந்து அந்த இடைவெளியை டேப் ஒட்டி அடைத்தேன்.

சிறிது நேரத்தில் உள்ளே சத்தமே இல்லை. விரிப்பைக் கிழித்தேன். அண்ணை ஈர ரெசினில் சரிந்து கிடந்தார். வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் கண் திறந்தார்.

ஹீட்டரின் நச்சுக்காற்று வெளியேறவே அந்த இடைவெளி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யார் அடைத்தது என்று முதலாளி கேட்டார். நான் தலை குனிந்தேன்.

"நான்தான்" என்றார் அண்ணை.

முதலாளி போனதும், "ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்றேன்.

"நீ வாய் திறக்க ஒரு கிழமை செல்லும். அதுவரைக்கும் அந்த மனுசன் நிக்கிறதோ?"

மறுநாள் காலை என் அரைகுறை ஜெர்மனில் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். நன்றாகத் திட்டினார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இன்றும் இடைவெளியில் கை வைத்து, குளிர்காற்று விரலில் பட்ட பிறகே ஹீட்டரைப் பற்றவைக்கிறேன்.