பிரேக் அக்காவின் தேள்மீன்

வீட்டுக்காரர் டீ டம்ளரோடு மீன்தொட்டிப் பக்கம் வந்தால் போதும், பிரேக் அக்காவின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கிறது. தரையில் பிரேக் ஏது, வெறும் டைல்ஸ்தான். அது காலுக்குத் தெரிந்தால்தானே! அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பிழைப்பு நடத்தும் கால் அது.

“பாத்து, பாத்து! இடது பக்கம் ஒதுங்குங்க!”

“நான் என்ன லாரியா?” என்கிறார் வீட்டுக்காரர். ஒதுங்கியும் விடுகிறார்.

‘பிரேக் அக்கா’ என்பது டிரைவிங் ஸ்கூலில் அவரிடம் கார் பழக வருகிறவர்கள் வைத்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். “நான் பிரேக் போடறதாலதான் நீ உசுரோட வீடு போய்ச் சேர்ற” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஒல்லியான உடம்பு, ஏற்றிச் சொருகிய கொண்டை, தோளில் எந்நேரமும் ஒரு துணி. கண்ணாடி எதைக் கண்டாலும் துடைத்தாக வேண்டும் அவருக்கு. காரில் முன்கண்ணாடி, வீட்டில் தொட்டிக் கண்ணாடி, யாராவது அசந்து உட்கார்ந்திருந்தால் அவர்கள் மூக்குக் கண்ணாடி.

ஹாலில் டிவி இருக்க வேண்டிய இடத்தில்தான் அந்த உப்புநீர்த் தொட்டி. டிவி சமையலறை வாசலுக்குப் போய், அங்கிருந்து ஒரேயடியாக உறவினர் வீட்டுக்குப் போய்விட்டது. மகன் வேலை கிடைத்து வெளியூர் போனதும் அவன் அறைக்குள் உப்பு மூட்டைகளும் தண்ணீர் டிரம்களும் குடியேறின. லீவில் வந்தவன், “அம்மா, என் கட்டில் எங்க?” என்று கேட்டான். “டிரம்முக்கு அடியில இருக்கு. ரெண்டு நாள்தானே, ஹால்ல படுத்துக்கயேன்” என்று பதில் வந்தது. வீட்டுக்காரருக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. “ஆபீஸ்ல நல்ல தண்ணி, வீட்ல உப்புத் தண்ணி. ரெண்டையும் தூக்கணும்னு என் தலைல எழுதியிருக்கு” என்று புலம்பிக்கொண்டேதான் அவரும் வாளி தூக்குகிறார்.

அவ்வளவு பெரிய தொட்டியில் இருப்பது எப்போதும் ஒரே ஒரு மீன். பார்க்க வருகிற பக்கத்து வீட்டுக்காரர்கள் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து, “மீன் எங்க?” என்றுதான் கேட்பார்கள். “அந்த மூலைக் கல்லுக்கு ரெண்டு கண்ணு இருக்கு பாருங்க, அதான்” என்பார் அக்கா. பார்த்தவர்கள் பின்வாங்குவார்கள். தேள்மீன் என்றால் சும்மாவா? முதுகில் வரிசையாக விஷமுள். அக்காவே ஒருமுறை குத்து வாங்கியிருக்கிறார். கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் விரலை முக்கிக்கொண்டு, “வலியெல்லாம் ஒண்ணுமே இல்ல!” என்று அவர் கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

ஒரு நிமிஷம் நிலையாக நிற்க மாட்டாத அக்காவுக்கும், நாள் முழுக்க அசையாத இந்த ஜந்துவுக்கும் எப்படி ஒத்துப்போகிறது? கேட்டால், “ரோட்ல நாள் பூரா ஆடற ஆளுங்களயே பாக்கறேன். வீட்லயாவது ஆடாம ஒண்ணு இருக்கட்டுமே” என்கிறார். ஆனால் அது ஆடாமல் இருப்பதையும் அவரால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை என்பதுதான் வேடிக்கை. உப்பு சரியா என்று அளப்பார், சூடு சரியா என்று பார்ப்பார், ஃபில்டரில் காது வைப்பார், பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு வேலைக்கு மட்டும் அந்தப் பரபரப்பு கைகொடுக்கிறது. தேள்மீன் செத்த இரையைத் திரும்பிப் பார்க்காது, இரை துடித்தால்தான் அதற்குப் பசிக்கும். அக்கா செத்த இறாலைக் குச்சியில் செருகித் தண்ணீரில் விட்டால், அவர் கை நடுங்குகிற நடுக்கத்தில் இறாலுக்கே உயிர் வந்த மாதிரி இருக்கும். ‘லபக்’கென்று காணாமல் போகும்.

தேள்மீன் வளர்ப்பவர்களுக்கென்று போனில் ஒரு குழு உண்டு. ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிற கொஞ்சம் பேர். புதிதாக மீன் வாங்கிய எவரும் முதலில் போட்டோ எடுத்து அக்காவுக்குத்தான் அனுப்புவார்கள். இது என்ன ஜாதி? அக்காவின் பாடம் ஒன்றேதான்: “நிறத்த நம்பாதீங்க, அது மாறும். தொங்கல நம்பாதீங்க, அது வளரும், உதிரும். பக்கத் துடுப்ப விரிக்கிற வரைக்கும் காத்திருந்து கம்பிய எண்ணுங்க.” தோலில் தொங்கும் நார்களைத் தொங்கல் என்கிறார், துடுப்புச் சவ்வைத் தாங்கும் மெல்லிய எலும்புகளைக் கம்பி என்கிறார். எண்ணிக்கை ஜாதிக்கு ஜாதி வேறு. அக்கா எண்ணிச் சொல்லிவிட்டால் குழுவில் பேச்சு முடிந்தது.

அந்தப் பாடத்தைக் கசப்பாகக் கற்றவர் ஒரு பல் டாக்டர். அவரும் அக்காவும் நேரில் பார்த்ததில்லை. டாக்டர் ஒருமுறை தன் மீன் ‘தாடிக்காரன்’ என்று குழுவில் அறிவித்தார். தாடிக்காரன் அபூர்வம். மோவாயிலிருந்து நார்நாராகத் தொங்கும், சாது, வாய் சின்னது, உள்ளங்கைக்கு மேல் வளராது. அக்கா போட்டோவைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “டாக்டர், பல்ல எண்ணத் தெரிஞ்ச உங்களுக்குக் கம்பிய எண்ணத் தெரியலயே” என்று எல்லார் முன்னாலும் எழுதினார். குழு சிரித்தது. டாக்டர் வெகுகாலம் வாயே திறக்கவில்லை. பிறகு எங்கோ தேடி அசல் தாடிக்காரன் ஒன்றைப் பிடித்தார். விரல் நீளம்தான் அது. துடுப்பை விரிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து போட்டோ எடுத்து, வேறு யாருக்கும் காட்டாமல் அக்காவுக்கு அனுப்பினார். “இப்ப சரியாக்கா?” அக்கா எண்ணினார். சரிதான்.

அக்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமைதான், அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

அடுத்த சில வாரத்திலேயே கடையில் ஒரு மீனைப் பார்த்தார். பச்சையும் பழுப்புமாக மோவாயில் தாடி! “இது தாடிக்காரன்தானே?” என்றார். “நீங்க சொன்னா சரிதான்கா” என்றார் கடைக்காரர். பழைய மீன் செத்துக் காலியாக இருந்த தொட்டிக்கு வந்த புது மீன், பாறைச் சந்தில் போய் ஒட்டிக்கொண்டு துடுப்பை விரிப்பேனா என்றது. அக்கா காலையில் பார்த்தார், வேலை விட்டு வந்து பார்த்தார், சமையல் நடுவில் கரண்டியோடு வந்து பார்த்தார். அது விரிக்கவில்லை. பொறுமை போய்விட்டது. தாடியை மட்டும் போட்டோ எடுத்து, ‘நம்ம வீட்டுக்கும் தாடிக்காரன் வந்தாச்சு’ என்று குழுவில் போட்டுவிட்டார். ஒருவராவது ‘எண்ணினீங்களா?’ என்று கேட்கவில்லை. அக்கா சொன்னால் எண்ணித்தானே சொல்வார்!

வாய் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்று வீட்டுக்காரர்தான் கேட்டார். “வயசான தாடிக்காரன், வாய் அப்படித்தான் இருக்கும்.” மற்ற தேள்மீனெல்லாம் பாம்பு மாதிரி அடிக்கடி சட்டை உரிக்கும், இது உரிக்கவே இல்லையே என்றார். “இதோட ஜாதியே அப்படி.” பதில் மட்டும் அக்காவிடம் தயாராக இருந்தது. கார் பழகுகிறவர் யாராவது இப்படிப் பதில் சொல்லியிருந்தால் நடுரோட்டில் இறக்கிவிட்டிருப்பார்.

டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “அக்கா, நம்மகிட்ட ரெண்டு இருக்கு. ஆணோ பொண்ணோ யாரு கண்டா? ஒரே தொட்டில விட்டுப் பாப்போம். உங்க தொட்டிதான் பெருசு, நான் கொண்டு வரேன்” என்று போன் செய்தார். அக்காவும் மார்தட்டிக்கொண்டு சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு.

ஞாயிறு காலை அக்கா துணியும் கையுமாகத் தொட்டிக்கு வந்தபோது, மீன் பாறைச் சந்தில் இல்லை. நட்டநடுவில், வெறும் மணலில் நின்று உடம்பை உலுக்கிக்கொண்டிருந்தது. உலுக்க உலுக்க, மெல்லிய பாலாடை போலத் தோல் கழன்றது. தோலோடு தாடியும் கழன்றது. அப்படியே, மொத்தமாக. மூலையிலேயே கிடந்த உடம்பில் படிந்து வளர்ந்த பாசி! அதைத்தான் அக்கா தாடி என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார்.

மழமழவென்ற மோவாயோடு மீன் கண்ணாடியில் சாய்ந்து, இத்தனை நாள் காட்டாத துடுப்பை விசிறியாக விரித்தது. அக்கா எண்ணினார். கீழிருந்து மேலாக எண்ணினார். பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். எத்தனை முறை எண்ணினாலும் தாடிக்காரனுக்கு உள்ள கணக்கு வரவில்லை. எந்தக் கடையிலும் கிடைக்கிற, குழுவில் ‘கல்லுளிமங்கன்’ என்று கேலி பேசுகிற சாதா ஜாதி. முழம் வளரும். வாய்க்குள் நுழைகிற எதையும் விழுங்கும். டாக்டரின் விரல் நீளத் தாடிக்காரனை இதோடு விட்டால், கண்மூடித் திறப்பதற்குள் அது இதன் வயிற்றில் இருக்கும்.

கழன்ற தோலை வலையால் அள்ளி ஒரு வெள்ளைத் தட்டில் விட்டார். தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, தொட்டி பக்கத்து மேஜையில் வைத்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

“டாக்டருக்குப் போன் பண்ணு” என்றார் வீட்டுக்காரர்.

“பண்றேன்.”

“பாதி வழி வந்திருப்பார்.”

“பண்றேன்னு சொல்றேன்ல! நச்சரிக்காதீங்க!”

போனை எடுத்தார், வைத்தார். பால்கனிக்குப் போய் எடுத்தார், அங்கேயும் வைத்தார். என்ன சொல்வது? மோட்டார் ரிப்பேர் என்று சொல்லலாம். தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். டாக்டர் திரும்பிப் போய்விடுவார், அவர் மீன் பிழைக்கும், அக்காவின் பேரும் பிழைக்கும். இந்த மீனைச் சத்தமில்லாமல் கடைக்குத் திருப்பிவிட்டு, ‘தாடிக்காரன் தவறிவிட்டான்’ என்று குழுவில் ஒரு வரி போட்டால் நாலு பேர் துக்கம்கூட விசாரிப்பார்கள். யோசிக்க யோசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நம்பரை அழுத்தாமல், போனை எடுத்து அதன் கண்ணாடியைத் துடைத்தார்.

கையிலேயே போன் அடித்தது. டாக்டர்தான். “பஸ் ஏறிட்டேன்கா. நல்லா மூச்சு விடறான்!”

“சரி சரி, பத்திரமா வாங்க” என்றார் அக்கா. வைத்துவிட்டுத் தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டார்.

“அவர் முன்னாடி எப்படிங்க சொல்வேன்?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டார். “அன்னைக்கு அந்த மனுஷன எல்லார் எதிர்லயும் அப்படிப் பேசினேனே. இன்னைக்கு நானே எண்ணாம சொன்னேன்னு...”

வீட்டுக்காரர் டீ போட உள்ளே போனார்.

டாக்டர் வந்து சேர்ந்தார். மூடி போட்ட பெரிய பெயிண்ட் வாளியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார். மூடியோரத்துத் துளையில் காற்றுக் குழாய் ஒன்று உள்ளே போனது. சட்டையெல்லாம் நனைந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “பக்கத்து சீட்டுக்கும் டிக்கெட் எடுத்துட்டேன்கா. கண்டக்டர், ‘குழந்தை எங்க சார்’னு தேடறார்!” தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வாளியைத் தொட்டி முன்னால் இறக்கி வைத்தார். தொட்டியைப் பார்க்க அவர் இன்னும் நிமிரவில்லை.

சமையலறை வாசலில் டீ டம்ளரோடு வீட்டுக்காரர் நின்றார்.

“டாக்டர், வந்து... தண்ணி...” என்று அக்கா ஆரம்பித்தார். தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்ல இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி.

“தண்ணிய நான் அளக்க வேண்டாம்கா. நீங்க வச்சிருக்கிற தண்ணி” என்றார் டாக்டர், முழங்கால் போட்டு உட்கார்ந்து குழாயைத் தளர்த்தியபடி. “வீட்ல கூட கேட்டாங்க, கண்ணால பாக்காமலே இவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போறீங்களேன்னு. அக்கா எண்ணிச் சொன்னது, நாம என்ன பாக்கறதுன்னு சொன்னேன்.”

மூடியைத் திறக்க அவர் கை நீண்டது.

அக்கா இரண்டே எட்டில் போய் அந்த மூடிமேல் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் கையை இழுத்துக்கொண்டு திகைத்துப் பார்த்தார். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி, மேஜையில் கவிழ்த்திருந்த தட்டை அகற்றினார். பாசித் தாடியோடு தோல் கிடந்த வெள்ளைத் தட்டின் ஓரத்தில் பூதக்கண்ணாடியை வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி டாக்டரிடம் நீட்டினார்.