கை நீட்டிய பதினோரு போட்டோக்கள்

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் அத்தை ஒரு போட்டோ போட்டிருந்தாள். குடிநீர்க் குழாய் உடைந்து தண்ணீர் தெருவெல்லாம் ஓடுகிறது. உடைசலுக்குப் பக்கத்தில் எதிர்வீட்டுக் குழந்தை இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தபடி நிற்கிறது. திண்டிவனத்தில் ஆபீஸில் உட்கார்ந்திருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எங்கே புரியப்போகிறது? அந்தக் குழந்தை நிற்கிற மாதிரி ஒரு காலத்தில் நின்றவள் நான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். விழுப்புரத்திலிருந்து காணைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். ஊரில் ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம். ஆறாவதுக்கு விழுப்புரம் போகவேண்டும். காலை எட்டேகாலுக்கு ஒரு பஸ் உண்டு. ஊர் நிறுத்தத்தில் அது சாவகாசமாக நிற்கும், ஆட்களை ஏற்றும், கிளம்பும். எங்கள் காலனி நிறுத்தம் வந்ததும் டிரைவருக்கு எங்கிருந்துதான் அவசரம் வருமோ, ஹாரனை அழுத்திக்கொண்டு பறந்துவிடுவார். அங்கே நிற்கிற பஸ் இங்கே ஏன் நிற்பதில்லை என்று நான் யாரையும் கேட்டதில்லை. பஸ் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஊர் நிறுத்தத்துக்குப் போகக் கரும்புக் கொல்லை ஓரமாக வெகுதூரம் நடக்கவேண்டும். அப்பா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். "பொட்டப்புள்ளய அந்த வழியில தனியா அனுப்ப முடியாது. பஸ்ஸு இங்க நிக்கட்டும், அனுப்பறேன். இல்லன்னா அஞ்சாவது போதும்."

எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தப்பட்டது அத்தைதான். அப்பாவின் தங்கை. வீட்டிலேயே மெஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவள். சென்னையில் இருந்த சித்தப்பா அவளிடம் ஒரு பழைய போனைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார். அதில் யார் பேசினாலும் நமக்குக் கேட்காது. கேமரா மட்டும் வேலை செய்யும். "காதுதான் செத்துப்போச்சி, கண்ணு நல்லாத்தான் கீது" என்று அத்தை அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். "தெனம் காலைல நிறுத்தத்துல நின்னு கைய நீட்டு. பஸ்ஸு நிக்காத போவும். நான் போட்டோ புடிச்சிக்கிறேன். கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம்."

பஸ், மனு எதுவும் என் காதில் ஏறவில்லை. போட்டோ மட்டும் ஏறியது. எங்கள் வீட்டில் போட்டோ என்றால் காதுகுத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. தினம் ஒரு போட்டோ யாருக்குக் கிடைக்கும்? விடிந்ததும் தலை வாரி, பவுடர் பூசி, கனகாம்பரம் வைத்து, பொங்கலுக்கு எடுத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு போய் நிற்பேன். பஸ் வரும். கை ரோட்டைப் பார்த்து நீளும். முகமோ அத்தை பக்கம் திரும்பிப் பல் அத்தனையும் காட்டும்.

"ஏண்டி ஈன்னு இளிக்கிற? பஸ்ஸு போய்க்கினு கீது, மூஞ்சியக் கொஞ்சம் தொங்கப் போடுடி!"

போட்டோவில் யாராவது மூஞ்சியைத் தொங்கப் போடுவார்களா? அத்தைக்கு விவரம் போதாது என்று எனக்குப் பட்டது. பதினோரு நாளும் சிரித்தேன்.

விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவில் மெமரி கார்டைக் கொடுத்துப் பிரிண்ட் போடச் சொன்னாள் அத்தை. திங்கட்கிழமை காலையில் கார்டைத் திரும்பப் போனில் போட்டுக்கொண்டு, ஒட்டிய கவரை அப்படியே வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்கு ஓடினோம். மரத்தடியில் மனு எழுதித் தருகிறவரிடம் எழுதி வாங்கி, வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும்தான் அத்தை கவரைப் பிரித்தாள்.

பஸ்ஸைக் காணோம்.

பதினோரு போட்டோவிலும் நான் இருந்தேன். ஒன்றில் எனக்குப் பின்னால் அருவி கொட்டியது. ஒன்றில் பனி மலை. மற்றதிலெல்லாம் ரோஜாத் தோட்டம், நீட்டிய என் கைக்கு நேராக ஆளுயர ரோஜா. இத்தனை அழகாகச் சிங்காரித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் போட்டோவைப் பாழாய்ப் போன பஸ் வந்து கெடுத்துவிட்டது என்று ஸ்டுடியோக்காரர் இரக்கப்பட்டிருக்கிறார். பாவம், உட்கார்ந்து ஒவ்வொரு பஸ்ஸாக அழித்திருக்கிறார்.

அதிகாரி வாங்கிப் பார்த்தார். "இதுல என்னம்மா குறை? பாப்பா சந்தோஷமாத்தானே இருக்குது?"

வரிசையே சிரித்தது. நானும் பெருமையாகச் சிரித்தேன். அத்தை மட்டும் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அவள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். "சார், இதுல பாருங்க சார். தயவு பண்ணி இதுல பாருங்க."

தீப்பெட்டி அளவு திரை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தார். அத்தை பட்டனை அமுக்க அமுக்க, அதே இடம், அதே கை, தாண்டிப் போகிற பஸ். ஐந்தாவது, ஆறாவது போட்டோவில் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"பஸ் நிக்காம போவுது, நீ ஏம்மா சிரிக்கிற?" என்று என்னைக் கேட்டார்.

"போட்டோ எடுக்கறாங்க இல்ல சார்?"

அவர் அத்தையைப் பார்த்தார். "பதினோரு நாளும் விடாம எடுத்தீங்களா?"

"நான் அங்க நின்னப்ப போட்டோ எடுக்க யாரும் இல்லிங்க சார்" என்றாள் அத்தை.

அவர் மனுவின் ஓரத்தில் பச்சை மையில் ஏதோ எழுதினார். எனக்கோ அத்தையை நினைத்து மனசு கஷ்டமாகிவிட்டது. உண்மைதானே, வீட்டில் அத்தையின் சின்ன வயசு போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. இதற்கு நான்தான் ஏதாவது செய்யவேண்டும் என்று பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்தேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றது. தெருவே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "போட்டோ பாப்பா நீதானா? ஏறு, ஏறு, ஜல்தி!" என்றார்.

நான் ஏறவில்லை. அத்தை கையிலிருந்த போனைப் பிடுங்கினேன். "நீ நில்லு அத்த. நான் நின்ன எடத்துல நில்லு. கைய நீட்டு."

"அடி லூசு, பஸ்ஸு போயிடப் போவுதுடி."

"போவாது. நீட்டு."

அத்தை நீட்டினாள். பின்னால் பஸ் நின்றது. நான் அமுக்கிவிட்டுப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இவ்வளவு பாடுபட்டு எடுக்கிறேன், அவள் கண் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். "சிரிக்கத் தெரியாதா உனக்கு? நாஸ்தி பண்ணிட்ட போ!" என்று திட்டிவிட்டு ஏறிப் போனேன்.

நான் காலேஜில் படிக்கும்போது ஒருநாள் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அத்தையும் ஐந்தாவது முடித்தவள்தானாம். ஆறாவதில் சேர்ந்து, ஒரு மாதம் முழுக்கப் பையை மாட்டிக்கொண்டு அதே இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றாளாம். பிறகு வீட்டில் பையை ஆணியில் மாட்டிவிட்டு அவளைத் தையல் பழக அனுப்பிவிட்டார்களாம்.

அந்தப் போட்டோ இப்போது என் போனில் இருக்கிறது. பஸ் நின்றுவிட்ட பிறகும் அத்தை கையை இறக்காமல் நிற்கிறாள். பத்து வயதில் அதில் எனக்குத் தெரிந்த ஒரே குறை, அவள் சிரிக்கவில்லை என்பதுதான்.