டிக்கி நிறைய வெடி, முன்னால் சிவப்பு விளக்கு

எங்கள் கார் எங்களிடம் வருவதற்கு முன்பே இரண்டு வீட்டாரிடம் நன்றாக அடிபட்டு வந்தது. பின்கதவு இரண்டும் உள்ளிருந்து திறக்காது. யாராவது இறங்கிப் போய் வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். அதைச் சரி பண்ணுங்க என்று நான் சொல்லாத நாளில்லை. "உள்ள இருந்து நீ எங்கன எந்திரிச்சு ஓடப் போற?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

போன டிசம்பரில் ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி என் வலது கால் ஒடிந்தது. நர்ஸ் வேலையில் ஊராருக்கெல்லாம் கட்டுப் போட்டவள், தொடை வரைக்கும் மாவுக்கட்டோடு கிடந்தேன். மதுரை டாக்டரிடம் காலைக் காட்டப் போக வேண்டும். போகிற வழியில் காரியாபட்டியில் என் தங்கை வீட்டில் கிறிஸ்துமஸ் வெடியைக் கொடுத்துவிடலாம் என்றார் அவர். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அவர் ஃபோர்மேன். சிவகாசிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வெடி இல்லாமல் போனால் ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

டிக்கி நிறைந்தும் இரண்டு பெட்டி மிச்சமாகிவிட்டது. அவற்றை என்ன செய்தார் தெரியுமா? பின்சீட்டில் என்னைக் கால் நீட்டி உட்கார வைத்து, கட்டுப் போட்ட காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். வெளியூர்க்காரர்கள் கேட்டால் நெஞ்சில் கை வைப்பார்கள். எங்களுக்கு அது தலையணை மாதிரி. "இன்னும் கொஞ்சம் ஒசத்தி வைங்க" என்று நானே சொன்னேன்.

திருத்தங்கலைத் தாண்டியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னங்க அது?"

"கூலண்ட் லைட்டு. இன்ஜினைக் குளுத்துற தண்ணி குறைஞ்சா எரியும். நேத்துதான் ரொப்புனேன். சென்சாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

விளக்குக்கு மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அணைந்தது. "பாத்தியா?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி எரிந்தது. இந்த முறை தட்டியும் அணையவில்லை. பக்கத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள்ளும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க."

"இரு, நிழல் பாத்து நிறுத்துறேன்." ஏசியை அணைத்தார். கண்ணாடியை இறக்கச் சொல்வார் என்று பார்த்தால், ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டார். இன்ஜின் சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டால் இன்ஜின் தப்பித்துவிடுமாம். அனல் காற்று நேராக என் மேல் அடித்தது. என் காலுக்கு அடியில் இருப்பது என்ன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீக்காய வார்டில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவள் நான். எங்கள் ஊரிலிருந்து எந்த நிலைமையில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆண்டவரே, ஆண்டவரே என்று வாய் முணுமுணுத்தது.

ஒரு கருவேல மரத்தடியில் நிறுத்தி, வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்து, குனிந்து பார்த்தார்.

டப் என்று ஒரு சத்தம். பானெட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் புகை பொங்கிக்கொண்டு வந்தது.

அவர் ஓடினார். செருப்பு இரண்டும் ரோட்டிலேயே கிடந்தன. ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்காமல், கரிசல் காட்டுக்குள் இறங்கி ஓடினார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிறகு புகை மறைத்துவிட்டது.

நான் மூடின காருக்குள் இருந்தேன். கதவு திறக்காது. பின்கண்ணாடி சுவிட்சை அழுத்திப் பார்த்தேன், வண்டி அணைந்திருந்ததால் இறங்கவில்லை. காலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுக்கலாம் என்றால், கட்டுப் போட்ட கால் அம்மிக்கல்லாக அழுத்திக் கிடந்தது. கத்தப் பார்த்தேன், தொண்டையில் காற்றுதான் வந்தது. அது வெறும் தண்ணி ஆவி என்று எனக்கு அப்போது யார் சொல்வது? என் பிள்ளைகள் முகத்தை நினைக்க நினைத்தேன், அதுகூட வரவில்லை. போய்விட்டாரே, விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

திடீரென்று என் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. அவர்தான். அக்குளுக்குள் கைகொடுத்து என்னை இழுத்தார். மாவுக்கட்டு கார்ப் படியில் இடித்து வலியில் உயிர் போனது. முள்ளையும் கல்லையும் பார்க்காமல் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டு, என் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

எதுவும் வெடிக்கவில்லை. புகை குறைந்து, ரோட்டில் தண்ணீர் ஓடி வந்தது.

எனக்குக் குரல் திரும்பி வந்தது. வந்ததும் விட்டேனா? "நீங்கல்லாம் ஒரு மனுசனா! பொண்டாட்டி உள்ள கட்டுப் போட்டுக் கிடக்கா, விட்டுட்டு ஓடுறீகளே! எப்படிங்க மனசு வந்துச்சு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மனசு எங்கடி இருந்துச்சு? டப்புன்னுச்சு, புகை தெரிஞ்சுச்சு. காலு ஓடிருச்சு. தினம் காலையில லேபருக்கு அதைத்தான சொல்றேன். செருப்பை எடுக்கத் திரும்பாத, தூக்குவாளியை எடுக்கத் திரும்பாத, பக்கத்துல இருக்கவளைக் கூப்பிடவும் திரும்பாத. ஓடு. எங்க ரூம்புல அன்னிக்கு நான் தப்பிச்சதே அப்படித்தான். திரும்புனவுக யாரும் வரல."

கம்பெனியில் அவர் இருந்த அறை வெடித்த அந்த விபத்து எனக்குத் தெரியும். அவர் அதைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான்.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். அதற்குள் பெட்டிகளை எல்லாம் இறக்கித் தள்ளி ஒரு மரத்தடியில் வைத்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தார். ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் டியூப் கழன்று கிடந்தது. கிளிப் தளர்ந்து தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகியிருக்கிறது, இவர் சென்சாரைத் திட்டியிருக்கிறார். அதை மாட்டி முறுக்கி, குடிக்கக் கொண்டு வந்த தண்ணியை ஊற்றினார். விளக்கு எரியவில்லை. மதுரையை இன்னொரு நாளைக்குத் தள்ளிவிட்டு, பெட்டிகளை மறுபடி ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

மறுநாள் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. முந்தின நாள் காருக்குள் இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷம் இந்த மனுஷன் சாயங்காலம் முழுசாக வீடு வந்து சேர்ந்தது எதனால்? திரும்பிப் பார்க்காததால். நேற்று திரும்பிவிட்டார்.

கட்டிலில் இருந்தபடியே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "அங்கன ஏதாச்சும்னா ஓடிருங்க. யார் உள்ள கத்துனாலும் திரும்பாதீக."

"நேத்து அம்புட்டுப் பேச்சுப் பேசுன?"

"பேசுனேன். இப்ப சொல்றேன், ஓடுங்க."

தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "இனிமே காலு கேக்குமான்னு தெரியலடி."

"தெரியலைன்னு சொல்லாதீக. ஓடுவேன்னு சொல்லுங்க."

"ஓடுவேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.