சீருடையோடு கடைக்குப் போன ஞாயிறு

கனடாவின் மோர்னிங்சைட்டில் வசிக்கும் தாதி நான். முதுகலை படித்துக்கொண்டே, சில வார இறுதிகளில் கனடிய இராணுவத்தின் ரிசர்வ் பிரிவிலும் தாதியாகப் பணிபுரிகிறேன்.

போன மாசியில் ஒரு ஞாயிறு. பயிற்சி முடிந்து வந்தேன். மாலைக்குள் அசைன்மென்ட் ஒன்றை அனுப்பியாக வேண்டும். அந்த அவசரத்தில் உடை மாற்றாமல், சீருடையோடே தமிழ்க் கடைக்குள் பாண் வாங்க நுழைந்தேன்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வயதான அங்கிள் ஒருவர் திடீரெனச் சரிந்தார். பக்கத்தில் முழந்தாளிட்டு நாடியைப் பிடித்தேன். கண் விழித்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சீருடையைத்தான் பார்த்தார். உடனே ஹெல்த் கார்ட்டை எடுத்து நீட்டினார். போர்க்காலத்தில் ஊரில் இராணுவச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டிய அதே பதற்றம்.

"பயப்பிடாதேங்கோ அங்கிள், நான் நர்ஸ். எங்கட ஆக்கள்தான். உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கோ?"

"ஓம் பிள்ளை. இன்சுலின் ஊசி போட்டனான், சாப்பிடேல்லை."

கடைக்காரர் தந்த ஜூஸைப் பருக்கினேன். மெல்ல முகம் தெளிந்தது. கடைக்காரர் அழைத்த அம்புலன்ஸ்காரர்கள் வந்ததும் அங்கிள் என்னைக் காட்டி, அவர்களுக்குத் தமிழிலேயே சொன்னார்: "இது எங்கட பிள்ளை. ஆமியில நர்ஸ்!" அன்றைக்கு அந்தச் சீருடைக்குள் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

இப்போதும் சீருடையோடு கடைக்குப் போகிறேன். ஆனால் நம் பெரியவர்கள் யாரையும் தொடுமுன், தமிழில் என் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த அங்கிள் என்னைக் கண்டால் இப்போது கார்ட்டை எடுப்பதில்லை. நான் படிப்பது தெரிந்து, பரீட்சையைப் பற்றி, "சோதினை எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்கிறார்.