மஃரிப் வேளையில் வந்த தும்பி

மலேரியாக் காய்ச்சல் பரவிய வருஷம் அது. மழை பொய்த்ததால், அக்குறணையில் ஓயா என்ற சிற்றாறு பாறைகளுக்கிடையே குட்டைகளாகக் கிடந்தது. ராத்தாவின் கைக்குழந்தைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்க் காய்ச்சல். மச்சான் வியாபாரமாக மாத்தளைக்குப் போயிருந்தபடியால், ராத்தாவின் தம்பியான நான் கண்டியிலிருந்து துணைக்கு வந்திருந்தேன்.

சூரியன் மறையும் மஃரிப் வேளையில் ஜின்கள் நடமாடும் என்று எங்கள் வீடுகளில் கதவு, ஜன்னல்களை அடைத்துவிடுவார்கள். இருட்டு நன்றாக இறங்கும்வரை திறப்பதில்லை. அன்று தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் கூரை மூலையில் ஒரு சடசடப்புக் கேட்டது. விரல் நீளத் தும்பியொன்று இறங்கிவந்து, குழந்தையின் பாயருகே இருந்த மண்ணெண்ணெய் விளக்கில் மோதியது. விளக்கு ஆடியது.

தோளிலிருந்த துவாயை எடுத்தேன்.

"அடிக்க வாணாம் தம்பி. மஃரிப்ல வந்தீக்கி, என்னண்டு தெரியா."

ராத்தா அதை நோக்கி, "நோவினை செய்யாம போயிடுங்க" என்று மூன்று முறை சொன்னார். அடைத்த வீட்டில் அது எங்கே போகும்?

தும்பி சுவரில் அமர்ந்தது. பத்திரிகைக்காக ஒரு தோட்டத்துரையின் பூச்சிச் சேகரிப்பைப் பார்க்கப் போனபோது கற்றது நினைவிருந்தது. இரு கண்களும் தலையுச்சியில் ஒட்டியிருந்தன: ஈஷ்னிடே குடும்பம். அதில் பெரும்பாலான ஆண் தும்பிகளுக்குப் பின்சிறகின் அடி கோணலாக இருக்கும். இதுவும் ஆண்தான், ஆனால் வளைந்திருந்தது. அனாக்ஸ் என்ற பேரினம்.

"ஜின் இல்ல ராத்தா. அனாக்ஸ். காய்ச்சல் பரப்புற நுளம்பத் தின்னுற தும்பி. நான் எழுதியுமீக்கிறன்."

"நீ பேப்பர்ல போட்டா அது ஜின் இல்லாமப் போயிடுமா?"

அது மறுபடி பாய்ந்தது. விளக்கு சாய்ந்து அணைந்தது. மண்ணெண்ணெய் நெடி. இருட்டில் சிறகுச் சத்தம் பாயை நோக்கித் தாழ்ந்தது. குழந்தையின் முனகல் நின்றிருந்தது. பாயெங்கும் தடவினேன். துணி, தலையணை, ஈரம். பின்பு நெஞ்சு அகப்பட்டது. கையை வைத்தபடி காத்திருந்தேன். அது ஏறி இறங்கியது.

ராத்தாதான் தாழ்ப்பாளை இழுத்தார். வெளியே கொஞ்சம் வெளிச்சம் மீதமிருந்தது. தும்பி அதற்குள் போய் மறைந்தது.

விளக்கை ஏற்றியபோது குழந்தை வியர்த்து நனைந்து தூங்கிக்கொண்டிருந்தது. ராத்தா முந்தானையால் துடைத்தார்.

"காய்ச்சலையும் கொண்டு போயிட்டுது."

குளிர், சூடு, வியர்வை என்பதுதான் அந்தக் காய்ச்சலின் ஒழுங்கு. நாளை ஓயும், மறுநாள் திரும்பும். விடிந்ததும் ஆஸ்பத்திரியில் கொயினா மருந்து வாங்கி வருகிறேன் என்றேன்.

"இனி எதுக்குத் தம்பி அந்தக் கசப்பு?" என்றார், சிரித்துக்கொண்டு.

விளக்கு அணைந்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.