போகிக்குக் கழுவிய கற்கள்

ரத்னாவின் தொட்டியைப் பார்த்துவிட்டு "பொழுதுபோக்கா?" என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீழ்வீட்டுக்காரி எனக்கே இப்படி என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? திருநின்றவூரில் எங்கள் மாடியில் அவளும் கணவன் மோகன்ராஜும் மாமியார் முத்தம்மாளும் குடியிருக்கிறார்கள். மாடியின் சின்ன அறை முழுக்க, கடல்தண்ணீரில் மீனும் உயிருள்ள பவளமும் வளரும் அவளுடைய பவளத் தொட்டிதான்.

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் கழிவுநீர் லேபில் வேலை பார்த்தாள். தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்வது அவள் பொறுப்பு. கல்யாணம் ஆனதும், "அவ்ளோ தூரம் பொம்பள போவணுமா?" என்று மாமியார் வேலையை விட வைத்தாள். அதே கும்மிடிப்பூண்டிக்கு மகன் இன்றும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறான். அவனுக்கு மட்டும் அது தூரமில்லை போலிருக்கிறது.

கடைசிச் சம்பளத்தில் ரத்னா ஒரு பவளம் வாங்கினாள். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து, முறையான ரசீதோடு வந்தது. நம் கடலில் பவளம் எடுப்பது குற்றம் என்று மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பச்சை விரல்களை அசைத்துக்கொண்டிருந்த அந்தத் தாய்ப் பவளத்திலிருந்து துண்டு துண்டாக வெட்டி வளர்த்து விற்றாள். அவளுக்கென்று இருந்த ஒரே வேலை அதுதான்.

பெரிய தொட்டிக்கு அடியில் இன்னொரு சின்னத் தொட்டி உண்டு. மேலிருந்து இறங்கும் தண்ணீர் அங்கே நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கற்களுக்குள் புகுந்து மறுபடி மேலேறும். கற்கள் பழுப்பேறிக் கொழகொழவென்றுதான் இருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நஞ்சைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களுக்கு அந்தக் கொழகொழப்புதான் வீடு. அவை கடைசியில் விட்டுவைக்கும் நைட்ரேட் அதிகமானாலும் பவளம் வாடும், அடியோடு இல்லாமல் போனாலும் பட்டினியில் வெளுக்கும். அதனால் ரத்னா சோதித்துப் பார்க்காமல் எதையும் மாற்ற மாட்டாள். கழுவுவதானால் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசுவாள். இதை அந்த வீட்டில் அவள் சொல்லாத நாளில்லை. காதில் வாங்கத்தான் ஆளில்லை.

இந்த வருஷம் போகிக்கு முந்தின நாள், அண்ணன் படகில் போய்ச் சுத்தமான கடல்தண்ணீர் பிடித்துவர அம்மா வீட்டுக்குப் போனாள். மறுநாள் மதியம் கேன்களோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது மோகன்ராஜ் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"வந்து பாரு ரத்னா, எப்படிப் பளபளன்னு கீது!"

கேனைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே ஏறினேன். கீழ்த்தொட்டியில் கற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. ரத்னாவின் முகம் செத்துப்போனது.

"கல்லுங்கள இன்னா பண்ணீங்க?"

"ஒரே சேறு. போகியும் அதுவுமா ஊட்ல அழுக்கு இருக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு. ப்ளீச்சிங் பவுடர்ல ஊற வச்சுத் தேச்சுட்டேன். காணும் பொங்கலுக்கு மாமா வராரு இல்ல?"

"மீன் நாத்தமும் கொஞ்சம் கொறைஞ்சிது" என்றாள் முத்தம்மாள். ஒழுங்காக வைத்திருக்கும் பவளத் தொட்டி நாறவே நாறாது. அவள் சொன்னது தொட்டியை இல்லை என்று எனக்கும் தெரியும், ரத்னாவுக்கும் தெரியும்.

அதுவரை புருஷனை வாங்க போங்க என்றவள் அன்று வெடித்தாள். "அது அழுக்கு இல்ல, அத்தினியும் உசுரு! எல்லாத்தையும் கொன்னுட்டு நிக்கிற!"

"சரி, வுடு. புதுக்கல்லு வாங்கித் தரேன்."

"கல்லு வாங்கிடுவ. அதுல உசுரு குடியேற மாசக்கணக்கா ஆவும். அதுவரைக்கும் அமோனியாவ நீ துண்ணுவியா?"

பொங்கலன்று ஊரெல்லாம் பால் பொங்கியது. இவள் மீன்களை டப்பில் பிடித்து விட்டுவிட்டு, பவளங்களுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். நுண்ணுயிர் குடியேறிய பழைய கல் கடனாகக் கிடைக்குமா என்று தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டாள். பண்டிகையென்று எல்லாம் பூட்டு. சோதனைக் குழாயில் அமோனியாவின் பச்சை நிறம் ஏறிக்கொண்டே போனது. தாய்ப் பவளம் விரல்களை இழுத்துக்கொண்டது. பிறகு சதை சளிபோல உரிந்து மிதந்தது. அந்தப் பாவி மோகன்ராஜ் கையைப் பிசைந்துகொண்டு நின்றானே தவிர, தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காணும் பொங்கலன்று அவன் மாமா ஏழுமலை குடும்பத்தோடு வந்தார். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். "இன்னாக்கா, தொட்டி காலியா கீது?" என்று அவர் கேட்டதும் முத்தம்மாள் கூசாமல் ஆரம்பித்தாள்.

"போகியும் அதுவுமா இவ அம்மா ஊட்டுக்குப் போய்க்கினா. பாக்க ஆளில்லாம செத்துப்போச்சு. வாயில்லா ஜீவனாச்சே, இருந்து பாக்க வாணாமா?"

சாம்பார் வாளியோடு நின்ற ரத்னா புருஷனைப் பார்த்தாள். அவன் குனிந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இலையை இழுத்துப் போட்டிருப்பேன். அவள் வாளியை வைத்துவிட்டு உள்ளே போனாள். தாய்ப் பவளத்தை ஒரு தட்டில் எடுத்துவந்து அவன் இலைக்கு முன்னால் வைத்தாள். வெறும் வெள்ளை எலும்பு. ஓரத்தில் ஒரு பச்சைத் துணுக்கு அழுகித் தொங்கியது.

"துண்ற எடத்துல இன்னாடி இது, நாத்தம்!" என்று கத்தினாள் முத்தம்மாள்.

"இப்பதான் அத்தே நாறுது" என்றாள். பிறகு அவனிடம், "சொல்லு. யாரு கழுவுனது?"

அவன் வடையைக் கீழே வைத்தான். "நான்தான் மாமா கழுவுனேன். அம்மா சொல்லிச்சு. இவ மேல தப்பு இல்ல."

இனி ரத்னா கொஞ்சம் தணிவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் தட்டைக் கையில் எடுத்தாள்.

"வேலைய வுடச் சொன்னாங்க, நீ பேசல. மீன்காரின்னாங்க, பேசல. இன்னிக்கு நீ வாயத் தொறக்க இது சாவ வேண்டியிருந்துச்சு."