கொல்லைக்குப் போன பாடக்குறிப்பு

பாகூர் கடைத்தெருவில் நோட்டும் பேனாவும் விற்கிற பாய், நான் போய் நின்றதும் "இன்னா சார்?" என்றார். நான் கையை நீட்டினேன். அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திசையன்விளைப் பக்கம் பிறந்தவனுக்கு 'இன்னா' என்றால் 'இதோ'. எதையோ தரப்போகிறார் என்று நீண்ட கை அது. "இன்னா வேணும்னு கேட்டேன் சார்" என்று அவர் சிரித்த பிறகுதான், இங்கே அதற்கு 'என்ன' என்று பொருள் என்பது உறைத்தது. துபாயில் இருக்கும் என் சித்தப்பா மகன், நான் இங்கே வேலைக்கு வந்ததை வைத்து, "பஸ்ல போற ஊருக்குப் பேரு வெளிநாடால?" என்று கேலி பேசுவான். அவனுக்கு அங்கே காதில் விழுவது வேற்று மொழி. புரியவில்லை என்றால், புரியவில்லை என்பதாவது தெரிந்துவிடும். எனக்கு இங்கே எல்லாம் புரிந்தமாதிரியே இருக்கும். ஆபத்தே அதில்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியர், அதுவும் தற்காலிகம். முதல்வர் மேடம் ஒருநாள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் வேலை தொடரும், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். "எம்மவன் பாண்டிச்சேரில இங்கிலீஷ் வாத்தியாரு" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நான் திரும்பிப் போனால் அவள் எந்த முகத்தோடு குழாயடிக்குப் போவாள்? அதனால் தினமும் முதல் மணி அடிக்குமுன் பாடக்குறிப்பை மேடம் மேசையில் வைத்துவிடுவேன். நோக்கம், ஊக்குவித்தல், துணைக்கருவி, நற்பண்பு, மதிப்பீடு என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். 'ஊக்குவித்தல்' கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தே எனக்கிருந்த ஊக்கம் போய்விடும்.

அந்த வாரம் ஒன்பதாம் வகுப்புக்கு அன்றாட வாழ்க்கை பற்றிய எளிய வாக்கியங்கள். அப்பா காலையில் என்ன செய்வார் என்று கேட்டேன். தமிழில் சொல்லுங்கள், ஆங்கிலமாக்கிவிடலாம் என்றேன். முதல் பெஞ்சு கௌசல்யா எழுந்தாள்.

"கொல்லைக்குப் போவாரு சார்."

எங்கள் ஊரில் கொல்லைக்குப் போவது என்றால் காலைக்கடன். பிள்ளை ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, "சரிம்மா, அதுக்குப் பொறவு?" என்றேன்.

"கொல்லையிலதான் சார் இருப்பாரு. சாயங்காலம்தான் வூட்டுக்கு வருவாரு."

"மேலுக்குச் சரியில்லையா அவருக்கு?"

"நல்லாத்தான் சார் இருக்காரு."

"அப்போ சாப்பாடு?"

"அம்மா கொல்லைக்கே எடுத்துனு போவாங்க சார். ரெண்டு பேரும் அங்கியே சாப்புடுவாங்க."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. வேறு யார் வீட்டில் இப்படி என்றேன். பாதி வகுப்பு பெருமையாகக் கை தூக்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாடு எங்கே போய்க்கொண்டிருக்கிறது!

அடுத்த நாளே மேடம் வகுப்பு பார்க்க வருவதாகச் சொன்னார். இந்தப் பிள்ளைகளைத் திருத்தத்தான் விதி என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று தோன்றியது. 'ஷுட்', 'ஷுட் நாட்' பாடத்தை எடுத்துக்கொண்டேன். துணைக்கருவியாக, கதவும் வாளியும் தெரிகிற மாதிரி ஒரு கழிப்பறையைச் சார்ட்டில் வரைந்தேன். நற்பண்பு: சுகாதாரம். ஆங்கிலத்தில் எழுதியதால் பாடக்குறிப்பில் கொல்லை என்ற சொல்லே இல்லை, 'திறந்தவெளி' என்றுதான் இருந்தது. மேடம் 'வெரி குட்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"ஷுட் வீ கோ டு கொல்லை?" என்று கேட்டேன்.

"எஸ் சார்!" என்றது வகுப்பு.

"ஷுட் வீ ஈட் இன் கொல்லை?"

"எஸ் சார்!"

"நோ!" என்று மேசையைத் தட்டிவிட்டுச் சார்ட்டை விரித்தேன். "வீ ஷுட் யூஸ் திஸ்!"

வகுப்பு சார்ட்டையே பார்த்தது. கௌசல்யா மெதுவாக எழுந்தாள். "சார், கக்கூஸ்ல எப்டி சார் மல்லாட்ட போடறது?"

மல்லாட்டை என்றால் நிலக்கடலை. அந்த ஒரு சொல்தான் நான் இங்கே வந்ததும் தெரிந்துகொண்டது. கடைசி பெஞ்சில் மேடம் பாடக்குறிப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரே சொன்னார்: "சார், நானே காலையில கொல்லைக்குப் போய்ட்டுத்தான் ஸ்கூலுக்கு வரேன். கரும்புக் கொல்லை. தண்ணி பாயுதான்னு பாக்கணும்ல? ஒங்க ஊர்ல கொல்லைன்னா இன்னா சார்?"

நான் சார்ட்டைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். "அய்யய்ய! எங்கப்பா அங்கியா சார் சாப்புட்டாரு?" என்று கௌசல்யா கத்த, பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும்படி ஒரு சிரிப்பு எழுந்தது.

மானத்தைக் காப்பாற்ற வேண்டி, "எங்க ஊர்ல புஞ்சைக்காட்டை விளைன்னு சொல்லுவோம். எங்கப்பாவும் காலையில விளைக்குப் போவாவ" என்றேன்.

பின்னாலிருந்து ஒருவன்: "சாரோட அப்பா வெலைக்குப் போறாராம்டா! எவ்ளோ சார்?"

மணி அடித்ததும் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். திருநெல்வேலி பஸ் எத்தனை மணிக்கு என்று மனம் கணக்குப் போட்டது. "எழுதினது ஒண்ணு, நடந்தது ஒண்ணு சார்" என்றார். நான் தலையைக் குனிந்தேன். "ஆனா இந்த கிளாஸ் இங்கிலீஷ் பீரியட்ல வாயத் தொறந்து இன்னைக்குத்தான் பாக்கறேன். இருங்க சார், தொடர்ந்து இருங்க. பிளான் எழுதறதுக்கு முன்ன மட்டும் யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுக்கோங்க."

'ஷுட்' பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிபட்டுவிட்டது. வார இறுதியில் கௌசல்யா, "சார், யூ ஷுட் கம் டு அவர் கொல்லை" என்றாள். இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை, எனவே ஞாயிற்றுக்கிழமை போனேன். மல்லாட்டை பிடுங்கும் நாள். அவள் அம்மா "குந்துங்க சார்" என்று வரப்பைக் காட்டினார். சும்மா குந்தியிருக்க மனம் வராமல், நானும் இறங்கிப் பிடுங்கினேன். எங்கள் விளை மண் தேரிச் சிவப்பு, இது கறுப்பு. விரலில் ஒட்டுவது என்னவோ ஒரே மாதிரிதான். அப்போது அம்மாவின் போன்.

"எய்யா, எங்க இருக்க?"

வேலை நிலைத்த சேதியைச் சொல்லத் துடித்த வாய், பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது. "கொல்லைல இருக்கேம்மா."

"அங்க இருந்துக்கிட்டு எதுக்குல போன எடுக்க? கை கழுவிட்டு வந்து பேசு!"

"இல்லம்மா, விளை, விளை!" என்று கத்துவதற்குள் துண்டித்துவிட்டாள். நாலு சால் தள்ளி நின்ற கௌசல்யாவின் அப்பா நிமிர்ந்தார். "வெலையா? ஒங்ககிட்ட போயி வெல சொல்லுவனா சார்? சும்மா வூட்டுக்கு எடுத்துனு போங்க!" என்று ஒரு கட்டு மல்லாட்டைச் செடியை அள்ளி என் கையில் திணித்தார். எந்த ஊர் வீட்டுக்கு என்று அவரிடம் கேட்க முடியாது. ஒரு கையில் பேச்சற்ற போனும், மறு கையில் மண் உதிரும் செடியுமாக, நான் நிற்கும் இடத்துக்கு என்ன பெயர் என்று சொல்லத் தெரியாமல் கொல்லை நடுவே நின்றுகொண்டிருந்தேன்.